வேலியில்லாத சிற்பத் தோட்டம்

அருங்காட்சியகத்துக்குப் போய் வந்த மாணவியர் பலருக்குச் சிற்பங்களைவிட நன்றாக நினைவில் நிற்பது 'தொடாதீர்கள்' என்னும் பலகைதான்! சிற்பங்களுக்கு நடுவே குழந்தைகள் நனைந்து விளையாடும் ஓரிடத்தைப் பற்றி இங்கே காண்போம்.

அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருப்பது செயின்ட் லூயிஸ் நகரம். பிரான்சு நாட்டு அரசரான புனித லூயியின் பெயரைத் தாங்கியது. ஆற்றோரம் நிற்கும் 630 அடி உயர எஃகு வளைவு இதன் அடையாளம். 1950-இல் இங்கு 8,56,796 பேர் வாழ்ந்தனர். பின்னர் மக்கள் புறநகர்களை நாடிச் செல்லவே, 2010-இல் 3,19,294 பேரே எஞ்சினர். நகரின் நடுவே கட்டடங்களை இடித்து நீண்டதொரு புல்வெளியை அமைத்திருந்தனர். புல் இருந்தது, ஆனால் அங்கே நின்று செல்ல யாருக்கும் ஒரு காரணம் இல்லை.

அப்புல்வெளியில், எட்டாம் தெருவுக்கும் பத்தாம் தெருவுக்கும் இடையே, ஏறத்தாழ 3 ஏக்கர் பரப்பில் 2009-ஆம் ஆண்டு 'சிட்டிகார்டன்' என்னும் சிற்பத் தோட்டம் திறக்கப்பட்டது. நிலம் நகரத்துடையது, செலவை ஏற்றது கேட்வே அறக்கட்டளை.

இதற்கு மதில் இல்லை, வாயிற்கதவு இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. நடைபாதையில் போகிறவர் தம்மை அறியாமலே தோட்டத்துக்குள் வந்துவிடுவார். சிற்பங்களைவிட இதுவே பெரிது என்பது என் கருத்து. கதவு என்று ஒன்று இருந்துவிட்டால், 'இங்கே நமக்கு என்ன வேலை?' என்ற தயக்கம் எழும். எளிய உடை உடுத்தியவருக்கு அது இன்னும் அதிகமாகவே எழும் அன்றோ?

தோட்டத்தின் அமைப்பும் அந்த மண்ணைச் சார்ந்ததே. வடபகுதி ஆற்றோரக் குன்றுகளையும், நடுப்பகுதி வெள்ளச் சமவெளியையும் நினைவூட்டும். குன்றுகளுக்கு அடையாளமாகச் சுண்ணாம்புக்கல் சுவர் ஒன்று வளைந்து செல்கிறது. உட்காருவதற்கென்றே கட்டிய தாழ்வான சுவரோ ஆற்றைப் போல நெளிந்து நெளிந்து ஓடுகிறது. ஒருவர் தனியே அமரலாம். ஒரு வகுப்பே வரிசையாகவும் அமரலாம். செடிகளிலும் மரங்களிலும் பல அப்பகுதிக்கே உரியவை.

இனிச் சிற்பங்கள். இகோர் மிதொராஜ் என்பவர் வடித்த வெண்கலத் தலை ஒன்று தரையில் சாய்ந்து கிடக்கிறது. கட்டுகள் சுற்றிய, உள்ளே வெற்றிடமான, மிகப் பெரிய தலை அது. கிரேக்கரின் காதல் தெய்வமான ஈராஸின் முகம் என்பார்கள். குழந்தைகளுக்கு அதெல்லாம் எதற்கு? கழுத்து வழியாக உள்ளே புகுந்து, கண்ணின் துளை வழியே வெளியே எட்டிப் பார்க்கிறார்கள்! டாம் கிளாசன் செய்த இரண்டு பெரிய வெள்ளை முயல்களும் அவர்களுக்கு நெருங்கிய தோழர்கள். கீத் ஹாரிங், பெர்னான் லெஜே போன்ற புகழ்பெற்ற கலைஞர்களின் படைப்புகளும் உள்ளன. சற்றுத் தள்ளி, தரையிலிருந்தே நூற்றுக்கும் மேற்பட்ட நீர்த்தாரைகள் பீறிட்டு எழும். கோடையில் அங்கே நனையாத குழந்தையைக் காண்பது அரிது.

இந்தத் தோட்டத்தால் நகரின் மக்கள்தொகை கூடிவிட்டதா என்றால், இல்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 3,01,578 ஆக மேலும் குறைந்தது. வேலைவாய்ப்பையும் பள்ளிகளையும் வீடுகளையும் ஒரு தோட்டத்திடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆயினும், முன்பு ஆளரவமற்றுக் கிடந்த அந்த இரண்டு தெருப் பகுதிகளுக்கு இன்று அலுவலகத்தார் நண்பகல் உணவுடன் வருகிறார்கள். தாய்மார் மாற்றுடையும் துண்டும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள்.