டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தோம்

ஆறாம் வகுப்பு அறிவியலில் 'உடல் நலமும் சுகாதாரமும்' பாடத்தை நடத்தினால், இரும்புச்சத்து குறைந்தால் இரத்தசோகை வரும் என்று மாணவர்கள் தேர்வில் பிழையின்றி எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த அட்டவணை வீட்டு அடுப்படி வரை போவதில்லை. எனவே பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு வாரம் உணவுக் குறிப்பேடு எழுதச் சொன்னேன். என்ன சாப்பிட்டார்கள் என்பதோடு எத்தனை மணிக்கு, எதனுடன் என்பதையும் எழுத வேண்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது என்றதால் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள்.

ஆலத்தியூரில் பெற்றோர் பலருக்கு சிமெண்ட் ஆலை ஷிப்ட், மற்றவர்களுக்குக் காட்டு வேலை. விடியலிலேயே கிளம்பிவிடுகிறார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் குறிப்பேட்டில் காலை என்ற இடத்தில் ஒரு டம்ளர் டீ, இரண்டு வருக்கி என்றே திரும்பத் திரும்ப இருந்தது. இட்லி, தோசை கிடைக்கிற வீடுகளிலும் கூடவே டீ உண்டு.

10 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு வாரம் ஒரு முறை நாம் தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. டீயிலுள்ள டானின் போன்ற பொருள்கள் கீரை, பயறு, மாத்திரை இவற்றின் இரும்போடு சேர்ந்துகொண்டு, குடல் அதை உறிஞ்சுவதைக் குறைத்துவிடுகின்றன. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபியைத் தவிர்க்குமாறு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்க்கும் பெண்பிள்ளையைச் சோம்பேறி என்பதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று செய்து காட்டினேன். துருப்பிடித்த ஆணிகளை இரண்டு நாள் வினிகரில் ஊறவைத்து வடித்த நீரைப் பால் சேர்க்காத டீயில் சில சொட்டு விட்டால், டீ மை போலக் கறுத்துவிடும். (யாரும் சுவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.) "சார், வயித்துக்குள்ளயும் இப்படித்தான் ஆகுமா?" என்றான் ஒருவன். வயிற்றில் நடப்பது இவ்வளவு எளிமையானதல்ல, ஆனால் இரும்பு டீயிடம் மாட்டிக்கொள்வது உண்மைதான் என்றேன்.

பிறகு ஒவ்வொருவரும் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாகக் காசு செலவாகக் கூடாது, வீட்டில் இல்லாத பொருளாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. பலர் காலை டீயை மாலை நான்கரை மணிக்கு மாற்றினார்கள். காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும், இல்லையென்றால் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. சிலர் சத்துணவில் ஒதுக்கி வைக்கும் கறிவேப்பிலையை மென்று தின்பதாக எழுதினார்கள். எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றின் வைட்டமின் சி, பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் ஏற்க உதவும். அதனால் சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிவதை ஒரு குழு எடுத்துக்கொண்டது.

டீயை அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்தால் இரண்டு நாள்கூட நடந்திருக்காது. பேத்திக்கு டீ போட்டுக் கொடுப்பது ஒரு பாட்டிக்குப் பாசம். அதைக் கெடுக்க நாம் யார்? "டீத்தண்ணி இல்லாம புள்ள எப்புடிங்க பள்ளிக்கூடம் போவும்?" என்று என்னிடமே கேட்டார் அந்த அம்மா. நேரத்தைத்தான் மாற்றுகிறோம் என்றதும் சமாதானமானார். எல்லோரும் தொடரவில்லை. பண்டிகை விடுமுறைக்குப் பின் சிலர் பழையபடி டீக்கும் வருக்கிக்கும் திரும்பினார்கள். குறிப்பேட்டில் அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள்.

மாத்திரை நாளில் இப்போது மதிய உணவு முடிந்த பிறகே மாத்திரை தருகிறோம். இன்று யாரெல்லாம் டீ குடித்துவிட்டு வந்தார்கள் என்று காலையிலேயே விசாரிக்கும் வேலையை வகுப்புத் தலைவி தானாக எடுத்துக்கொண்டாள். ஆசிரியர்களையும் விடுவதில்லை.