அப்பாருவின் மெடலை விளக்காதீர்கள்

கேள்வி: எங்கள் அப்பாரு 1971 போருக்குப் போனவர். அவர் ஆத்தாவுக்குக் கொடுத்த மெடல்கள், கடிதக் கட்டு, கம்பளிச் சால்வை எல்லாம் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. மெடலை விளக்கி, கடிதங்களை லேமினேட் செய்து வைக்கலாமா?
– வாசகி, ஊத்துக்குளி

பதில்: இரண்டுமே வேண்டாம்.

மெடல்: புளி, விபூதி, பிராசோ எதுவும் படக்கூடாது. விளிம்பிலோ பின்புறத்திலோ அப்பாருவின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்துதான் முதலில் மழுங்கும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். ரிப்பனை நனைக்காதீர்கள், சாயம் இறங்கிவிடும். கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார். எது இருக்கிறது என்று பார்த்தாலே அவர் எந்தப் பக்கம் நின்றார் என்று தெரிந்துவிடும்.

கடிதம்: லேமினேஷன் சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. செலோ டேப்பும் ரப்பர் பேண்டும் ஆகாது. மடிப்பை மெதுவாகப் பிரித்து, இரு பக்கமும் போனில் படம் எடுங்கள். உறையை எறியாதீர்கள், 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சல் முகவரியும் தேதி முத்திரையும் அதில்தான் இருக்கும்.

சுற்றி வைக்க: நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் சாயம் போடாத பனியன் துணியே நல்லது. நெய்த காடாத் துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி ராமபாணப் பூச்சியை இழுக்கும். பின்னல் துணி நூலுக்குக் கஞ்சி கிடையாது. நீலம் போடாமல் வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்துச் சுற்றுங்கள். கறுப்புக் கட்டிங் வேஸ்ட் வேண்டாம். சல்ஃபர் சாயம் உலோகத்தைக் கறுக்கச் செய்யும். பிளாஸ்டிக் கவர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். சால்வையை நிழலில் உதறிக் காயவைத்துத் தனியாக வையுங்கள். அந்துருண்டை போட்டால் மெடலோடு சேர்க்காதீர்கள்.

பெட்டியில் தோட்டா இருந்தால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் எழுதி அவருடைய பணி விவரங்களைக் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஆத்தாவிடம் உட்காருங்கள். அப்பாரு சால்வையை எந்த லீவில் கொண்டுவந்தார், என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டு, அவர் குரலையே பதிவு செய்யுங்கள். மெடல் கறுத்தாலும் அப்படியே இருக்கும். அதை வாங்கிக்கொண்டவரின் நினைவை இப்போது கேட்டால்தான் உண்டு. கேட்டதைப் பென்சிலால் அட்டையில் எழுதி, ஒவ்வொரு பொருளோடும் வையுங்கள்.