விடுதிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு

வண்டிப்பெரியாரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, பிளஸ் டூ முடித்து, முதன்முதலாக வீட்டை விட்டு விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் மாணவ மாணவியருக்காகவும், அவர்களை அனுப்பி வைக்கும் பெற்றோருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன். நானும் லயத்தில் பிறந்தவன். விடுதியில் தங்கிப் படித்தவன். பிறகு பல ஆண்டுகள் கல்லூரி விடுதி ஒன்றில் காப்பாளராக இருந்தவன். படிப்பு வராமல் ஊர் திரும்பிய பிள்ளைகளைவிட, விடுதி வாழ்க்கை பிடிபடாமல் திரும்பிய பிள்ளைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை தவிர்த்திருக்கக்கூடியவை.

நான் சொல்ல வருவதைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லி விடுகிறேன். சாமான் குறைவாக இருக்கட்டும். சான்றிதழ் நிறைவாக இருக்கட்டும். முதல் நாற்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து விடுங்கள்.

எந்த ஊர் என்பதைப் பொறுத்தே பெட்டி

நம் ஊரிலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. குட்டிக்கானத்தில் 1995-இல் தொடங்கிய மரியன் கல்லூரி இருக்கிறது. இவற்றில் சேர்வோரில் பலர் வீட்டிலிருந்தே போய் வரலாம். மற்றவர்கள் கோட்டயம் பக்கமோ, குமுளி மலையிறங்கி உத்தமபாளையம், மதுரைப் பக்கமோ போகிறார்கள். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956 முதல் நடக்கிறது. மதுரையில் அமெரிக்கன் கல்லூரி 1881-இலும், பெண்களுக்கான லேடி டோக் கல்லூரி 1948-இலும் தொடங்கியவை. தமிழையே பாடமாக எடுக்க விரும்புவோர் சிலர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் அரசுக் கல்லூரி வரை செல்வதுண்டு.

நம் மலையின் குளிரை மனத்தில் வைத்துப் பெட்டி கட்டுவதுதான் நம்மவர்கள் வழக்கம். கனத்த கம்பளி, இரண்டு ஸ்வெட்டர், மழைக்கோட்டு என்று அடைத்துக்கொண்டு மதுரைக்குப் போனால், அவை கட்டிலுக்கு அடியில் மூன்று வருடம் தூங்கும். அங்கே வேண்டியது மெல்லிய பருத்தி விரிப்பும் கொசுவலையும் பெரிய தண்ணீர்ப் பாட்டிலும்தான். இன்னொன்று: ஆடி மாதத்தில் நம் லயத்தில் துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம் போகாது. மதுரை வெயிலில் காலையில் துவைத்தது மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஆகவே அங்கே நான்கு செட் உடையே போதும். குட்டிக்கானம் போன்ற மழையும் மூடுபனியும் உள்ள இடத்தில் தங்குவோருக்கு ஆறு செட்டாவது வேண்டும், கம்பளியும் வேண்டும்.

முதலில் காகிதங்கள்

வாளி மறந்து போனால் அங்கேயே கடையில் வாங்கலாம். சான்றிதழ் மறந்து போனால் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் போகும். சில சமயம் இடமே போகும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், ஆதார், வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நகல் எடுங்கள். செல்போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் அளவு புகைப்படம் பத்துப் பிரதி இருக்கட்டும்.

மாற்றுச் சான்றிதழ் கல்லூரியிலேயே இருந்துவிடும். மற்ற மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்த பின் திருப்பித் தந்துவிட வேண்டும், கல்லூரிகள் தங்கள் வசம் வைத்திருக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டு அறிவித்திருக்கிறது. எனவே பணிவாகக் கேட்டுத் திரும்பப் பெறுங்கள்.

வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் அட்சயா மையத்தில் விண்ணப்பித்து, கிராம அலுவலகம், தேவைப்பட்டால் பீருமேடு வட்ட அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். குறிப்பாக, தமிழ்நாட்டிலிருந்து வந்த பட்டியலினக் குடும்பத்தினருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை அடிப்படையாகக் கொண்டு, அதற்கு முன்பே குடும்பம் கேரளப் பகுதியில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். தேவிகுளம் தேர்தல் வழக்கிலும் இதே கேள்வி எழுந்தது. அவ்வழக்கு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது. ஆகவே தாத்தா பாட்டியின் தோட்ட வேலைப் பதிவு, பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, நிலம் இருந்தால் பட்டயம் என எந்தப் பழைய காகிதம் கிடைத்தாலும் எறிந்துவிடாதீர்கள். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள்.

கேரளத்துக்குள் படிக்கும் பட்டியலின, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு ஈ-கிராண்ட்ஸ் வழியாகக் கல்வி உதவி உண்டு. சேர்ந்த வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். பட்டியலின மாணவர்களுக்காக அரசு நடத்தும் போஸ்ட் மெட்ரிக் விடுதி அந்த ஊரில் உண்டா என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் சேருவோர், எந்த மாநிலத்தின் உதவித்தொகைக்குத் தமக்கு உரிமை என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். எதுவானாலும் மாணவரின் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கிக் கிடக்கும் கணக்கைப் புதுப்பித்துக்கொண்டு புறப்படுங்கள்.

பெட்டியில் வைக்க வேண்டியவை

இரண்டு விரிப்பு, ஒரு தலையணை, இரண்டு துண்டு, ஒரு போர்வை, கொசுவலை. சாப்பாட்டுத் தட்டு, டம்ளர், கரண்டி. குளியலறைக்கு ரப்பர்ச் செருப்பு. துணி காயப் போடக் கயிறும் பத்துக் கிளிப்பும். சலவை சோப்பு, தூரிகை. ஊசி, நூல், நான்கைந்து பட்டன். சிறு டார்ச். குடை. நகம்வெட்டி. பெண்பிள்ளைகள் இரண்டு மாதத்துக்குப் போதுமான நாப்கின்களை வைத்துக்கொள்வது நல்லது. புதிய ஊரில் இரவு எட்டு மணிக்குக் கடை தேடி அலைய வேண்டியதில்லை.

இரண்டு நல்ல பூட்டு வாங்குங்கள். ஒன்று பெட்டிக்கு, மற்றது அறை அலமாரிக்கு. ஒவ்வொன்றின் மாற்றுச் சாவியையும் வீட்டில் கொடுத்து விடுங்கள். தட்டு, வாளி, விரிப்பு எல்லாவற்றிலும் அழியாத மையால் பெயரெழுதுங்கள். ஒரே நிறத்தில் அறுபது வாளி நிற்கும் இடத்தில் இதன் அருமை தெரியும்.

மருந்தைப் பொறுத்தவரை, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காயத்துக்குப் பஞ்சும் கட்டுத்துணியும் போதும். ஆஸ்துமா, வலிப்பு போன்றவற்றுக்கு மருந்து சாப்பிடுவோர் மருத்துவர் சீட்டின் நகலை வைத்துக்கொண்டு, காப்பாளரிடமும் அறைத் தோழரிடமும் சொல்லிவிட வேண்டும். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

தேயிலைத்தூள் அரைக் கிலோ மறக்காமல் எடுத்துப் போங்கள். முதல் வாரத்தில் நட்புப் பிடிக்க அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது.

வாங்கக் கூடாதவை

வாளி, கப்பு, மெத்தை ஆகியவற்றை இங்கிருந்து சுமக்க வேண்டாம். விடுதியிலேயே மெத்தை தருகிறார்களா என்று கேட்டு, பின்னர் அந்த ஊரிலேயே வாங்குங்கள். படிப்பை முடித்துப் போகும் மூத்த மாணவர்களிடம் மேசை விளக்கு, வாளி, பாடப்புத்தகம் எல்லாம் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். மின்கெண்டி, தண்ணீர் சூடாக்கும் சுருள், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைப் பெரும்பாலான விடுதிகளில் அனுமதிப்பதில்லை. பழைய கட்டடத்து மின்கம்பி அதைத் தாங்காது என்பதே காரணம். பிடிபட்டால் பொருளும் போகும், அபராதமும் வரும்.

லேப்டாப் பற்றிப் பெற்றோர் பலர் கேட்கிறார்கள். கணினிப் படிப்பு தவிர மற்றவற்றுக்கு முதல் பருவத்தில் நூலகக் கணினியும் கையிலுள்ள செல்போனும் போதும். வட்டிக்கு வாங்கி லேப்டாப் எடுக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பீருமேட்டில் தோட்டங்கள் பல மூடிக் கிடந்தபோது, கடன் வைத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் முதலில் படிப்பை நிறுத்தினார்கள். எந்தப் பொருளையும் வாங்குமுன், இது அம்மாவுக்கு எத்தனை நாள் கூலி என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். வாங்க வேண்டியதை வாங்கத்தான் வேண்டும். அந்தக் கணக்கு தெரிந்து வாங்க வேண்டும்.

மெஸ் கணக்கு

பல விடுதிகளில் மாதச் செலவை மொத்தமாகக் கூட்டி, சாப்பிட்ட நாட்களால் வகுத்துப் பங்கிடுவார்கள். எடுத்துக்காட்டாக, 60 பேர் 30 நாள் சாப்பிட்டால் மொத்தம் 1,800 நாட்கள். செலவு 1,80,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 100 ரூபாய். முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்து நாள் ஊருக்குப் போனால் 500 ரூபாய் கழியும். சொல்லாமல் போனால் கழியாது. குறைந்தது இத்தனை நாள் விடுப்பு எடுத்தால்தான் கழிவு என்ற விதியும் உண்டு. இந்த விதியை முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்று வெளியில் சாப்பிட்டால் இரண்டு இடத்திலும் பணம் போகும். வீட்டிலிருந்து இட்லிப்பொடியும் ஊறுகாயும் இருந்தால் எந்த மெஸ்ஸையும் சமாளிக்கலாம்.

அறையும் மொழியும்

அறைத் தோழருடன் முதல் நாளே மூன்று விஷயங்களைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்: விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது, அறையை யார் எந்த நாள் பெருக்குவது, கேட்காமல் எடுக்கலாகாத பொருள்கள் எவை. விடுதிச் சண்டைகளில் பெரும்பாலானவை இவற்றில்தான் பிறக்கின்றன. கடன் கொடுக்கல் வாங்கலைச் சோப்பு, டீயோடு நிறுத்துங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இரண்டு மொழி பேசவரும். அது பெரிய சொத்து. ஆனால் நம் பேச்சில் இரண்டும் கலந்திருக்கும். மதுரை மெஸ்ஸில் "கொஞ்சம் வெள்ளம் கொடுங்கள்" என்று கேட்டால் சிரிப்பார்கள். அங்கே வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது. கோட்டயத்தில் "அவசரம்" என்றால் வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். சிரித்தால் நீங்களும் சிரித்துவிடுங்கள். தமிழ்வழியில் படித்து வந்தோருக்கு ஆங்கிலப் பாடம் முதலில் காட்டுப் பாதையாகத்தான் தெரியும். அன்றாடம் வகுப்பில் கேட்ட புதுச் சொற்களில் பத்தை மட்டும் தமிழ்ப் பொருளோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு பருவம் முடிவதற்குள் வித்தியாசம் தெரியும்.

ராகிங்

பெயர் கேட்பதும் பாடச் சொல்வதும்தானே என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் 1997-இலும் கேரளத்தில் 1998-இலும் ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. இரண்டிலும் இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிப்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணைச் செல்போனில் மட்டுமல்ல, ஒரு சீட்டிலும் எழுதி வையுங்கள். தோட்டத்துப் பிள்ளை, தமிழன், மலையாளி என்று இழிவுபடுத்தினாலும் அது ராகிங்தான். பொறுத்துப் போவது பெருமையல்ல.

முதல் நாற்பது நாள்

முதல் வாரம் புதுமையில் போகும். இரண்டாம் வாரம்தான் அழுகை வரும். சனிக்கிழமை தோறும் ஊருக்கு ஓடினால் அந்த அழுகை ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாகத் தொடங்கும். மதுரையிலிருந்து நம் ஊருக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். போக வர ஒரு முழு நாள் பஸ்ஸிலேயே கழியும். நாற்பது நாள் கழித்து வருவது என்று முன்கூட்டியே தேதி குறித்து, வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நாள் தெரிந்த பிரிவைத் தாங்க முடியும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மாலையில் கொழுந்து நிறுத்து முடித்து வீடு வந்த பிறகு, குறித்த நேரத்தில் ஒரு முறை பேசுங்கள். வீட்டுச் சண்டையையும் கடன்காரன் வந்ததையும் போனில் சொல்லாதீர்கள். பிள்ளை அழுதால் "கிளம்பி வந்துவிடு" என்ற சொல்லை மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, யாராவது துன்புறுத்துகிறார்களா என்று கேளுங்கள். துன்புறுத்தல் உண்டென்றால் அன்றே புறப்பட்டுப் போய்க் காப்பாளரைப் பாருங்கள். வெறும் ஏக்கம் என்றால் காலம் ஆற்றும். ஆனால் தூக்கமும் சாப்பாடும் இன்றி வாரக்கணக்கில் வாடினால் அதை ஏக்கம் என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு லயத்திலிருந்து ஒரு பிள்ளை போய்ப் படித்துத் தேறினால் அடுத்த ஆண்டு அதே லயத்திலிருந்து மூன்று பிள்ளைகள் புறப்படுகிறார்கள். ஒரு பிள்ளை பாதியில் திரும்பினால் பக்கத்து வீட்டுக்காரர் தம் பெண்ணை அனுப்ப ஐந்து ஆண்டு யோசிக்கிறார். நீங்கள் சுமந்து செல்லும் பெட்டியில் உங்கள் துணிமணிகளோடு அந்தப் பிள்ளைகளின் வழியும் இருக்கிறது. இந்த ஆண்டு புறப்படும் அனைவருக்கும் என் வாழ்த்துகள். முதல் விடுமுறைக்கு வரும்போது, இந்தப் பட்டியலில் விட்டுப்போனது என்ன என்பதை அடுத்து வருவோருக்காக நம் சங்கத்துக்கு எழுதுங்கள்.