டகாஹே எரிமலையும் பனி அடுக்குகளும்

மேற்கு அண்டார்க்டிகாவின் பனிப்பரப்பில் சுமார் 3,460 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது டகாஹே. தரையில் வைத்த கேடயம்போல் அகன்று சரிந்திருப்பதால் இதனைக் கேடய எரிமலை என்பர். (பெயர் வேடிக்கையானது: 1957-58இல் அங்கு சென்ற ஆய்வுக் குழுவுக்குப் பொருள்கள் கொண்டுவந்த விமானத்தின் செல்லப்பெயர் இது, உண்மையில் டகாஹே பறக்க இயலாத நியூசிலாந்துப் பறவை!)

மனிதர் எவரும் காணாத வெடிப்பின் காலத்தை எவ்வாறு அறிவது? பனியைத் துளையிட்டு எடுத்த நீண்ட தண்டில், மர வளையங்களைப் போல, ஆண்டுக்கோர் அடுக்கு உண்டு, எண்ண வேண்டியதுதான். சுமார் 17,700 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் குளோரின் மிகுந்திருந்தது. ஓராண்டு ஈராண்டல்ல, 192 ஆண்டுகள் தொடர்ந்த வெடிப்புகள்! குளோரின் ஓசோனைச் சிதைக்கும் அல்லவா? அதனால் தென்கோளக் காற்றோட்டம் மாறி, பனியுகத்தின் முடிவு விரைவுபட்டிருக்கலாம் என்கிறது 2017இல் வெளியான ஆய்வு.