பக்கத்தைத் திறந்து வைத்துப் பேசுங்கள்

திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பிள்ளைகள் சிலர் சேர்ந்து, மாதம் ஒரு ஞாயிறு கிராபிக் நாவல்களைப் பற்றிப் பேசுவதென்று முடிவெடுத்திருக்கிறீர்கள். ஒரு மாதம் இந்த ஊர், அடுத்த மாதம் அந்த ஊர். எப்படி ஆரம்பிப்பது, எதைப் படிப்பது, யாருக்கு எதைச் சொல்வது என்று எழுதிக் கேட்டீர்கள். முத்து காமிக்ஸ் காலத்திலிருந்து படக்கதை படித்து வருகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். தோன்றிய வரிசையில் எண் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

1. கையில் புத்தகம் இல்லாமல் யாரும் பேசக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். “செம”, “வேற லெவல்”, “மனசை என்னவோ பண்ணிடுச்சு” என்பதெல்லாம் உண்மையான உணர்ச்சிதான். ஆனால் கேட்கிறவருக்கு அதில் எடுத்துப்போக ஒன்றும் இல்லை. எந்தப் பக்கத்தில் மனசு அப்படி ஆனது? அந்தப் பக்கத்தைப் பிரித்து நடுவில் வையுங்கள்.

மர்ஜானே சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’ விடியல் பதிப்பக வெளியீடாக ‘ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை’ என்ற பெயரில் தமிழில் இருக்கிறது. அதில் சாவியைப் பற்றி ஓர் அத்தியாயம் வரும். ஈராக்குடன் போர் நடக்கிறது. ஏழை வீட்டுப் பையன்களைப் போர்முனைக்கு இழுக்க, தங்க வண்ணம் பூசிய பிளாஸ்டிக் சாவியைக் கொடுத்து, செத்தால் சொர்க்கத்தின் கதவு இதால் திறக்கும் என்கிறார்கள். அந்த அத்தியாயம் முடியும் பக்கத்தைப் பாருங்கள். மேலே பெரிய கட்டம். கண்ணிவெடியில் தூக்கி எறியப்படும் பையன்கள், முகம் கிடையாது, வெறும் கருநிழல்கள், கழுத்தில் சாவி. அதற்குக் கீழே, அதே பக்கத்தில், வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஒரு விருந்தில் குதித்து ஆடுகிறார்கள். சிறுமி மர்ஜானே நாகரிகத்துக்காக ஓட்டை ஓட்டையாகப் பின்னிய ஸ்வெட்டரும் கழுத்தில் சங்கிலியும் போட்டிருக்கிறாள். மேலே தூக்கி எறியப்பட்ட உடம்பும் கீழே ஆடுகிற உடம்பும் கையையும் காலையும் ஏறக்குறைய ஒரே மாதிரி விரித்திருக்கின்றன. மேலே ஒரு கழுத்து, கீழே ஒரு கழுத்து. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வார்த்தைகூட சத்ரபி எழுதவில்லை. இதை ஒருவர் விரல் வைத்துக் காட்டும்போது கூட்டத்தில் அதைக் கவனிக்காமல் போன நாலு பேர் அவசரமாகத் தங்கள் புத்தகத்தைப் புரட்டுவார்கள். அந்தப் புரட்டல் நடந்துவிட்டால் அன்றைய கூட்டம் உருப்படியாக நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

2. ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு முறை படியுங்கள். முதல் முறை நம் கண் பலூனிலிருந்து பலூனுக்குத் தாவிக் கதையை விழுங்கிவிடும். டீக்கடையில் தினத்தந்தியை வாங்கி ஒரே மூச்சில் கன்னித்தீவைப் பார்த்துவிட்டு மடிக்கிற பழக்கம் நமக்கெல்லாம் ஊறியது. இரண்டாம் முறை எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். எங்கே கட்டம் பெரிதாகிறது, எங்கே பேச்சே இல்லாமல் மூன்று பக்கம் போகிறது, இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில் எவ்வளவு காலம் கழிந்திருக்கிறது என்று பென்சிலால் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். பேச விஷயம் இல்லை என்ற பேச்சே எழாது.

3. ஆளைப் பார்த்துப் புத்தகம் கொடுங்கள். உலகத்தின் தலைசிறந்த பத்து என்று பட்டியல் போடுவது சுலபம், அதை ஆயிரம் பேர் போட்டுவிட்டார்கள். உங்கள் வேலை வேறு. டெக்ஸ் வில்லரில் வளர்ந்த ஒருவரிடம் எடுத்த எடுப்பில் ‘மௌஸ்’ கொடுத்தால் நாலு பக்கத்தில் மூடிவிடுவார். அவருக்குப் பழக்கமான குதிரையும் துப்பாக்கியும் இருக்கிற ‘எமனின் திசை மேற்கு’ கொடுங்கள். வான் ஹாம் எழுதி ரோசின்ஸ்கி தீட்டியது, தமிழில் சிவகாசியின் லயன் – முத்து காமிக்ஸ்காரர்கள் போட்டார்கள். நாயகன் கடைசியில் ஜெயித்தே தீருவான் என்ற நம்பிக்கை அதில் அவருக்கு ஆட்டம் காணும். அதன் பிறகு அவரே அடுத்ததைக் கேட்பார்.

பள்ளியோடு படிப்பை நிறுத்திய அம்மாவோ பெரியம்மாவோ வீட்டில் இருந்தால் ஷான் டானின் ‘தி அரைவல்’ புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். 2006-ல் வந்தது, ஒரு சொல்கூட இல்லாத புத்தகம். பிழைப்புக்காகக் குடும்பத்தை விட்டுவிட்டுப் புரியாத தேசத்துக்குப் போகும் ஒருவனின் கதை. நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பாத தெரு குறைவு. அவர்கள் உங்களைவிட நன்றாகவே அதைப் படிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

கொடுப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ‘பௌன்சர்’ வன்முறையும் காமமும் நிறைந்தது. ‘பேர்ஃபுட் ஜென்’ அட்டையில் சிறுவன் முகம் இருப்பதால் ஐந்தாம் வகுப்புக் குழந்தையிடம் கொடுத்துவிடக் கூடாது. அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில் ஆறு வயதில் உயிர் தப்பிய கெய்ஜி நகசாவா, தான் பார்த்ததை எதையும் மறைக்காமல் வரைந்திருக்கிறார்.

இன்னும் ஒன்று. ஈழத்தின் கடைசிப் போரில் சிக்கிய குடும்பங்களைப் பற்றி பெஞ்சமின் டிக்ஸும் லிண்ட்சே பொல்லாக்கும் சேர்ந்து ‘வன்னி’ என்ற கிராபிக் நாவலை 2019-ல் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது, அவசியம் படியுங்கள். நம் மாவட்டத்திலேயே கீழ்புத்துப்பட்டில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து உங்கள் கூட்டத்துக்கு யாராவது வந்தால், “உங்க கதைதான்” என்று சொல்லி அந்தப் புத்தகத்தை அவர் கையில் திணிக்காதீர்கள். இப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். வேண்டும் என்றால் கேட்பார். கேட்காமல் இருப்பதற்கும் அவருக்குக் காரணம் இருக்கும்.

4. மாயாவியையும் ஸ்பைடரையும் கேலி செய்துவிட்டு இந்தக் கூட்டத்துக்குள் வராதீர்கள். 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸும், 1984-ல் லயன் காமிக்ஸும், அதே ஆண்டு ராணி காமிக்ஸும் வந்திராவிட்டால் தமிழில் படக்கதை படிக்கிற பெரியவர்கள் என்று ஒரு கூட்டமே இருந்திருக்காது. ‘ரத்தப் படலம்’ 2010-ல் ஒரே பெருந்தொகுப்பாக வந்ததும், 2018-ல் வண்ணத்தில் மறுபடி வந்ததும் வாசகர்கள் விடாமல் கேட்டதால்தான். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனால், லயன் – முத்து வாசகர்கள் ஊர் ஊரிலிருந்தும் வந்து கூடி, எது வர வேண்டும், எது வேண்டாம் என்று ஆசிரியரிடமே வாதாடுவதைப் பார்க்கலாம். கனமான கிராபிக் நாவல்களுக்கு அங்கேயும் எதிர்ப்பு இருக்கிறது. காசு கொடுத்து அழுகையை வாங்குவானேன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டு விடாமல் சந்தா கட்டியவர் அப்படிக் கேட்டால் மரியாதையாகக் காதுகொடுங்கள். அவர் கட்டிய பணத்தில்தான் நீங்கள் விரும்பும் புத்தகமும் அச்சாகிறது.

5. பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள். விருது வாங்கியது என்பதற்காகத் தலையாட்ட வேண்டாம். அதற்கும் பக்கத்தைக் காட்ட வேண்டும்.

6. நம் ஊரைத் தொடுகிற புத்தகத்தைத் தவிர்க்காதீர்கள். மனு லார்சனேயின் ‘நிஜங்களின் நிசப்தம்’ தமிழில் வந்தவற்றிலேயே முக்கியமானது என்பது என் தீர்மானமான எண்ணம். பிலிப் குளோதெல் எழுதிய பிரெஞ்சு நாவலைக் கறுப்பு வெள்ளையில் வரைந்திருக்கிறார். போர் முடிந்த ஒரு மலைக்கிராமம். எங்கிருந்தோ வந்து தங்கிய அந்நியன் ஒருவனை ஊர் ஆண்கள் சேர்ந்து கொன்றுவிடுகிறார்கள். நடந்ததை நியாயப்படுத்தி ஓர் அறிக்கை எழுதும் வேலையை, வதைமுகாமிலிருந்து திரும்பி வந்த ப்ரோடெக் என்பவனிடம் ஒப்படைக்கிறார்கள். அவனுக்குத்தான் எழுத வரும். மறுக்க முடியாது. செத்தவன் செய்த குற்றம், ஊர்க்காரர்களின் முகங்களை உள்ளபடி வரைந்து மாட்டியது. பனியும் மரமும் பறவையுமாக, பேச்சில்லாத பக்கங்கள் எத்தனையோ வருகின்றன. ஊர் வாய் திறக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதை அந்தப் பக்கங்களில்தான் பார்க்க முடிகிறது.

1978 ஜூலையில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்ட ஊர் விழுப்புரம். இந்தப் புத்தகத்தை இங்கே உட்கார்ந்து பேசினால் அந்தப் பேச்சு வரும். வரட்டும். “நாம புத்தகத்தைப் பத்தி மட்டும் பேசுவோம்” என்று யாராவது அடக்கினால் அவரை அடக்குங்கள். ஆனால் பாதிக்கப்பட்ட தெருவிலிருந்து வந்த பிள்ளையைப் பார்த்து “நீ சொல்லு” என்று கேட்காதீர்கள். சாட்சி சொல்வது அந்தப் பிள்ளையின் வேலை கிடையாது. அன்றைக்கு ஒன்றும் செய்யாமல் இருந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் தங்கள் வீட்டில் அது எப்படிப் பேசப்பட்டது, அல்லது எப்படிப் பேசப்படாமலே போனது என்று சொல்லட்டும். ப்ரோடெக்கின் கதையும் அவர்களைப் பற்றியதுதான்.

7. நடந்த கதையா, கற்பனையா, இரண்டும் கலந்ததா என்று ஒவ்வொரு புத்தகத்திலும் கேளுங்கள். ‘வன்னி’யில் வரும் குடும்பங்கள் கற்பனை, அவர்களுக்கு நேர்பவை தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களிலிருந்து எடுத்தவை. ஜோ சாக்கோ ‘ஃபுட்நோட்ஸ் இன் காஸா’வில் வேறு வழி பிடிக்கிறார். 1956-ல் கான் யூனிஸிலும் ரஃபாவிலும் நடந்த கொலைகளைப் பற்றி அரை நூற்றாண்டு கழித்து முதியவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்கிறார். ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் முரண்படும் இடங்களை ஒட்டி மறைக்காமல் இரண்டையும் அடுத்தடுத்து வரைந்து வைக்கிறார். முதியவரின் இன்றைய முகம் ஒரு கட்டத்தில், அவர் சொல்லும் அன்றைய தெரு அடுத்த கட்டத்தில். நாளை உங்களில் ஒருவர் விழுப்புரத்தைப் பற்றியோ, திண்டிவனத்துப் பக்கத்து இருளர் குடியிருப்புகளைப் பற்றியோ வரைய உட்கார்ந்தால் இந்த முறை கைகொடுக்கும். யாராவது உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

8. ஓவியரின் பெயரையும் மொழிபெயர்த்தவரின் பெயரையும் சொல்லாமல் எந்தப் புத்தகத்தையும் பரிந்துரைக்காதீர்கள். தமிழில் பலூனுக்குள் எழுத்தை அடைப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். பலூனின் அளவு பிரெஞ்சு வசனத்துக்கென வரைந்தது. நம் சொற்கள் நீளம். ஒன்று எழுத்தைப் பொடிசாக்க வேண்டும், இல்லை வசனத்தை வெட்ட வேண்டும். வெட்டும்போது கதாபாத்திரத்தின் குரல் மாறிவிடலாம். மூன்று பேரும் ஒரே மாதிரி பேசினால் குறித்து வையுங்கள். பாண்டிச்சேரி பக்கத்தில்தான் இருக்கிறது, பிரெஞ்சு படித்தவர்கள் அங்கே உண்டு. யாராவது ஒருவரை அழைத்து, ஒரே ஒரு பக்கத்தை மூலத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. புத்தகம் விலை கூடியது, அச்சாகும் பிரதிகளும் குறைவு. எல்லோரும் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். ஆளுக்கு ஒன்று வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, யார் எப்போது எடுத்தார், எப்போது திருப்பினார் என்று எழுதுங்கள். சிநேகிதத்துக்குள் நோட்டு எதற்கு என்று கூச்சப்படாதீர்கள், காணாமல் போன புத்தகத்தால் முறிந்த சிநேகிதம் எத்தனையோ உண்டு. மாவட்ட மைய நூலகத்தில் எழுதிக் கேளுங்கள், ஒருவர் கேட்பதைவிடப் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் மதிப்பு அதிகம். ஸ்கேன் செய்த கோப்பை மட்டும் சுற்றுக்கு விடாதீர்கள். சில நூறு பிரதிகளை நம்பி அச்சடிக்கிறவரின் வயிற்றில் அடிக்கிற காரியம் அது.

10. முதல் கூட்டத்துக்கு ‘பீமாயணம்’ எடுங்கள். தமிழிலும் வந்திருக்கிறது. அம்பேத்கரின் வாழ்க்கையை மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தது. மாந்தர்களைக் கட்டங்களுக்குள் அடைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் பக்கங்களில் பெட்டியே இருக்காது. காமிக்ஸ் படித்த பிள்ளையும் படிக்காத பிள்ளையும் அங்கே சமமாகவே தடுமாறுவார்கள். ஆரம்பத்துக்கு அது நல்லது. பேச்சு பலூன்களைக் கவனியுங்கள். இதமாகப் பேசுகிறவர்களின் சொல் பறவை வடிவில் இருக்கும், கொட்டுகிறவர்களின் சொல்லுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் கிடைக்காத சிறுவன் பீம் வரும் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் வாய்விட்டு வாசிக்கட்டும், மற்றவர்கள் படத்தைப் பார்க்கட்டும். தன் ஊர்ப் பள்ளியில் தண்ணீர்ப் பானை எங்கே இருந்தது, யார் மொண்டு ஊற்றினார்கள் என்று ஒவ்வொருவரும் நினைவுபடுத்திக்கொண்டு வரட்டும். அடுத்த மாதப் புத்தகத்தை அன்றைக்கே முடிவு செய்து, யாரிடம் பிரதி இருக்கிறது என்று கணக்கெடுத்துவிடுங்கள். ஐந்து மணிக்குள் கூட்டத்தை முடியுங்கள். விழுப்புரத்தில் கூடினால் திண்டிவனத்துப் பிள்ளைகள் விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி வீடு போய்ச் சேர வேண்டும், இருட்டிப் போனால் பெண் பிள்ளைகளை அடுத்த மாதம் வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.