இறக்கிய வண்டியில் ‘டொக்’ சத்தம்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

ஸ்பிரிங் மாற்றி 40 மில்லிமீட்டர் இறக்கிய ஸ்விஃப்ட் ஒன்று, முன்சக்கரத்தில் ‘டொக் டொக்’ என்று தட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்தால் பெரும்பாலும் கிடைக்கிற முதல் பதில் இதுதான்: “லிங்க் ராடு போயிருக்குங்க, மாத்திரலாம்.” பல நேரம் அது சரியாகவும் இருக்கும். கம்பெனி உயரத்தில் ஓடும் வண்டிக்கு அந்தப் பதில் போதும். இறக்கிய வண்டிக்குப் போதாது. புது லிங்க் ராடு மாட்டிச் சில மாதத்திலேயே அதே சத்தம் அதே இடத்தில் திரும்ப வந்தால், உடனே சாமான் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். ஆனால் அந்த ராடு எந்த நீளத்தில், எந்தக் கோணத்தில் வேலை செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தார்களோ, வண்டி இறங்கிய அன்றே அந்தக் கணக்கு மாறிவிட்டது. ஆகவே எது தட்டுகிறது என்று கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதே சாமானைப் போடுவதா, வேறு வகை போடுவதா, உயரத்தையே மாற்றுவதா என்று முடிவு செய்வது மீதிப் பாதி.

நம் ஊரில் ஓடும் ஹேட்ச்பேக், சின்ன செடான் எல்லாவற்றிலும் முன்பக்கம் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். மேலே பாடியில் ஒரு ரப்பர் மவுண்டு, அதில் பேரிங். அதிலிருந்து தொங்கும் ஸ்ட்ரட், அதைச் சுற்றி ஸ்பிரிங். கீழே லோயர் ஆர்ம், அதன் நுனியில் பால் ஜாயிண்ட். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார், அதன் இரு முனையிலும் லிங்க் ராடு. சந்தேகப்பட வேண்டியவை ஏழெட்டுக்கு மேல் இல்லை.

எப்போதிலிருந்து?

முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான். ஸ்பிரிங் மாற்றிய நாளிலிருந்தே சத்தம் என்றால் தேய்மானத்தைத் தேடாதீர்கள்; மாட்டிய விதத்தைத் தேடுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பூட்டும்போது மேல் நட்டை ஏர் கன்னால் அடித்தால், உள்ளே ஷாக்கின் ராடு சேர்ந்து சுற்றும். நட்டு இறுகியது போலத் தோன்றும், இறுகியிருக்காது. ராடை அலன் கீயால் பிடித்துக்கொண்டு கையால் முறுக்கினால்தான் ஒழுங்காக உட்காரும். அடுத்து, ஸ்பிரிங்கின் கீழ்நுனி தட்டில் அதற்கென்று உள்ள பள்ளத்தில் முட்டி நிற்க வேண்டும்; விரல் அகலம் விலகியிருந்தாலும் ஸ்டீயரிங் திருப்பும்போது ‘டங்’ என்று குதிக்கும். பழைய ரப்பர் பேடைத் திரும்ப வைக்காமல் மறந்துவிடுவதும் நடக்கிறது. இவை எதற்கும் புதுச் சாமான் வேண்டியதில்லை, அரை நாள் கூலி போதும்.

சில மாதம் ஓடிய பிறகு வந்த சத்தம் என்றால் தேய்மானம். அப்போதுதான் கீழே சொல்லும் சோதனைகள்.

ஜாக்கி போடும் முன்பே தெரிவது

கரடுமுரடான தெருவில் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக, வண்டி நிற்காத அளவுக்கு, மிதித்துப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம். காலிப்பரில் பேடு தளர்ந்து ஆடுகிறது, அல்லது காலிப்பர் பின் தேய்ந்திருக்கிறது. இந்த ஒரு சோதனை செய்யாமல் ஷாக் வரைக்கும் மாற்றியவர்கள் உண்டு.

பிறகு வண்டியை நிறுத்தி, ஒருவர் ஸ்டீயரிங்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் திருப்ப, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஸ்பிரிங் சீராகச் சுற்றாமல் அடக்கி வைத்து ஒரே குதியாகக் குதித்தால் ஸ்ட்ரட் பேரிங் போய்விட்டது. விரலை ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் விடாதீர்கள், வெளிப்பக்கமாகத் தொட்டால் போதும்.

வேகத்தடையில் ஏறும்போது தட்டுகிறதா, இறங்கும்போதா என்று கவனிப்பது இறக்கிய வண்டிக்கே உரிய சோதனை. மேட்டைத் தாண்டியதும் சக்கரம் கீழே தொங்கும். ஸ்பிரிங் அளவுக்கு மீறிக் குட்டை என்றால் அந்த நொடியில் மேல் தட்டுக்கும் அதற்கும் இடைவெளி விழுந்து, சக்கரம் தரையைத் தொட்டதும் திரும்ப வந்து உட்காரும். அதுதான் அந்த ஒற்றை ‘டொக்’. உறுதி செய்வது எளிது: இரண்டு முன்சக்கரமும் தொங்கும்படி தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஸ்பிரிங்கைக் கையால் திருகிப் பாருங்கள். சுற்றினால் அதுதான் குற்றவாளி. நல்ல கம்பெனி லோயரிங் ஸ்பிரிங் பெரும்பாலும் தொங்கும் நிலையிலும் இறுக்கமாகவே நிற்கும். கட்டிங் மெஷினில் ஒரு சுற்று வெட்டிய கம்பெனி ஸ்பிரிங் அப்படி நிற்காது. வெட்டிய ஸ்பிரிங்குக்கு வைத்தியம் இல்லை. கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்கிய ஸ்பிரிங்குக்கும் இல்லை. அதன் எஃகு பதம் இழந்துவிட்டது, இன்னும் இறங்கும், ஒருநாள் உடையும்.

ஏறும்போதோ பள்ளத்தில் விழும்போதோ கனமாகத் ‘தொம்’ என்று கேட்டால் அது இரும்புச் சத்தம் இல்லை, பம்ப் ஸ்டாப் சத்தம். இறக்கியதில் ஷாக்கின் மேல்நோக்கிய பயணம் குறைந்து, வண்டி அந்த ரப்பரின் மேலேயே உட்கார்ந்து ஓடுகிறது. ஸ்பிரிங் தயாரித்தவர் சொன்ன அளவுக்கு ரப்பரைக் குறைக்கலாம். சிலர் அதை முழுதாகக் கழற்றிவிடுகிறார்கள். சத்தம் கொஞ்ச நாள் போகும், அதன் பிறகு ஷாக் உள்ளுக்குள் முட்டி எண்ணெய் கக்கும்.

லிங்க் ராடு: அதேயா, அட்ஜஸ்டபிளா?

சின்னச் சின்ன மேடுபள்ளத்தில், ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது ‘லொடலொட’ என்று வந்தால் லிங்க் ராடுதான் முதல் சந்தேகம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு அதை ஆட்டிப் பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. ஒரு சக்கரம் தரையிலும் மற்றது காற்றிலும் இருந்தால் பார் முறுக்கிக்கொண்டு லிங்கை இழுத்துப் பிடித்திருக்கும். உள்ளே ஆட்டம் இருந்தாலும் கைக்கு எட்டாது. இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ரேம்ப் கிடைத்தால் உத்தமம்.

இதைவிட நிச்சயமான வழி, இரண்டு லிங்க்கையும் கழற்றிவிட்டு, பாரின் முனைகள் எதிலும் இடிக்காமல் கட்டி, தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுவது. சத்தம் போய்விட்டால் லிங்க் அல்லது பாரின் புஷ். போகவில்லை என்றால் இரண்டும் தப்பித்தன. வளைவில் வண்டி வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும் என்பதால் மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

சரி, லிங்க்தான் என்று தெரிந்துவிட்டது. எதைப் போடுவது? 25, 30 மில்லிமீட்டர் வரை இறக்கிய வண்டிக்குக் கம்பெனி லிங்க்கே போதும். அதற்கு மேல் என்றால் பாரின் நுனியும் ஆக்ஸிலும் எங்கே நிற்கின்றன என்று கீழே படுத்துப் பாருங்கள். ஆக்ஸிலிலோ டை ராடிலோ அழுக்கு நடுவே பளபளவென்று தேய்ந்த ஒரு கோடு இருந்தால் பார் அங்கே உரசுகிறது. எத்தனை கம்பெனி லிங்க் மாற்றினாலும் அந்தச் சத்தம் போகாது. அதற்குத்தான் அட்ஜஸ்டபிள் லிங்க். குட்டையாக வைப்பதா நீளமாக வைப்பதா என்பதற்குப் பொது விதி இல்லை. லிங்க் ஸ்ட்ரட்டில் மாட்டுகிறதா ஆர்மிலா, பார் ஆக்ஸிலுக்கு மேலே போகிறதா கீழேயா என்பதைப் பொறுத்து அது மாறும். எந்த நீளமானாலும் வண்டி தன் காலில் நிற்கும்போது முடிவாகப் பூட்ட வேண்டும், பார் எந்தப் பக்கமும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. அட்ஜஸ்டபிளில் பெரும்பாலும் ரப்பர் பூட் இல்லாத உருண்டை ஜாயிண்ட் வரும். ரேஸ் டிராக்கில் அது சரி. மழைத் தண்ணீரும் மணலும் உள்ள ரோட்டில் சீக்கிரமே அதுவே லொடலொடக்கும். பூட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

லோயர் ஆர்ம்: செலவில்லாத ஒரு வேலை

பிரேக் பிடிக்கும்போதும் முதல் கியரில் கிளம்பும்போதும் ஒரே ஒரு ‘டக்’ வந்தால் ஆர்மின் பின்புஷ்ஷைப் பாருங்கள். என்ஜின் மவுண்டும் இப்படித் தட்டும். பானெட்டைத் திறந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை லேசாக விட்டு, என்ஜின் எவ்வளவு துள்ளுகிறது என்று எட்ட நின்று ஒருவர் பார்த்தால் பிரித்துவிடலாம்.

புஷ் விஷயத்தில் இறக்கிய வண்டிக்கு ஓர் அநியாயம் நடக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தப் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். கம்பெனி உயரத்தில் முறுக்கு ஏதும் இல்லாத நிலையில் போல்டை இறுக்கியிருப்பார்கள். 40 மில்லிமீட்டர் இறக்கியதும் ஆர்ம் மேல்நோக்கித் திரும்புகிறது. வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது இன்னும் முறுக்கி, கடைசியில் கிழிகிறது. புது ஆர்ம் போடும்போது வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரம் தொங்க, அப்படியே போல்டை இறுக்கினால் நிலைமை இதைவிட மோசம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஸ்பிரிங் மாற்றியதும், வண்டி சக்கரத்தில் நிற்கும் நிலையில், ஆர்ம் புஷ்ஷின் போல்டுகளைத் தளர்த்தி, வண்டியை நாலைந்து தடவை அமுக்கி விட்டு, மறுபடி கம்பெனி சொன்ன இறுக்கத்துக்குப் பூட்டுவது. கேட்காவிட்டால் இதைச் செய்கிற கடை அபூர்வம். கேளுங்கள்.

ஏற்கெனவே கிழிந்துவிட்டதா? புஷ் மட்டும் பிரஸ் செய்வதா, முழு ஆர்ம் வாங்குவதா, பாலியூரித்தேன் போடுவதா என்று மூன்று வழி. பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும் வண்டி என்றால், ஓடிய கிலோமீட்டர் அதிகம் என்றால், முழு ஆர்ம்தான் லாபம். புஷ்ஷுக்கு ஒரு தடவை, ஜாயிண்டுக்கு ஒரு தடவை கூலி கொடுக்க வேண்டாம். ஆர்ம் புதிது, புஷ் மட்டும் போயிற்று என்றால் பிரஸ் செய்யலாம். பாலியூரித்தேன் சுழலக்கூடியது, முறுக்கிக் கிழியாது. ஆனால் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், ரோட்டின் அதிர்வையெல்லாம் உள்ளே கொண்டுவரும். ‘டொக்’ போய் ‘கீச்’ வருவது தினசரி ஓட்டும் வண்டிக்கு எனக்குச் சம்மதமில்லை.

பால் ஜாயிண்டைச் சோதிக்க, ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் டயர் லிவர் கொடுத்து நெம்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி ஆட்டம் இருந்தால் அன்றே மாற்றுங்கள். சக்கரத்தை இடம் வலமாகப் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டு ஆடுகிறதா என்பது தெரியும்; அதற்கும் இதே அவசரம். இந்த இரண்டும் கழன்றால் சக்கரம் கைவிட்டுப் போகும். லிங்க் ராடும் ஸ்ட்ரட் மவுண்டும் அடுத்த சம்பளம் வரை காத்திருக்கும்.

ஸ்டீயரிங் ரேக்கை மட்டும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். விலை அதிகம், அநியாயமாகப் பழி விழுவதும் அதன்மேல் அதிகம்.

ஸ்பிரிங் மட்டுமா, காயில்ஓவரா, பழைய உயரமா?

சின்னச் சாமான் எல்லாம் சரி, சத்தம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் செட்டப்பையே பார்க்க வேண்டும். கம்பெனி ஷாக்கோடு லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்டிருந்தால், அந்த ஷாக் எப்போதும் தன் பயணத்தின் கீழ்ப்பகுதியிலேயே வேலை செய்கிறது. 30 மில்லிமீட்டருக்குள் இது ஓடும். அதற்கு மேல் என்றால் குட்டை ராடு உள்ள ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வரும் செட் நல்லது. தினம் ஆபீசுக்குப் போகும் வண்டிக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஸ்பிரிங் தளராது, பம்ப் ஸ்டாப்புக்கும் இடம் கிடைக்கும்.

காயில்ஓவரில் உயரத்தை நினைத்தபடி வைக்கலாம் என்பது உண்மை. அதோடு புதுச் சத்தங்களும் வரும். ரிங் தளர்ந்தால் தட்டும். மேலே ரப்பருக்குப் பதில் பில்லோ பால் மவுண்டு இருந்தால், தூசி புகுந்ததும் அதுவும் தட்டும். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ டிராக் டேக்குப் போகிறவருக்கு அந்தத் தொல்லை தகும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிடுகிறவர் ரப்பர் மவுண்டு உள்ள காயில்ஓவராகத் தேடிக்கொள்ளட்டும்.

பழைய உயரத்துக்கே திரும்புவதையும் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் வழிகாட்டியில் வேகத்தடைக்குச் சொல்லப்பட்ட அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். 40 இறக்கினால் 123. காகிதத்தில் தாண்டிவிடும். ஊருக்குள் இரவோடு இரவாகத் தார் கொட்டிப் போட்ட வேகத்தடை எந்த வழிகாட்டியையும் படித்ததில்லை. நாலு பேர் உட்கார்ந்தால் அடிபடுகிற வண்டியில் எந்தப் புஷ்ஷும் நீடிக்காது.

சட்டப் பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை அப்படியே நிலைநிறுத்தியது. விபத்து இன்ஷூரன்ஸில் சர்வேயர் கேள்வி கேட்கவும் இடம் இருக்கிறது. ஆகவே கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளையும் ரப்பர் பேடுகளையும் பழைய இரும்புக்குப் போடாமல், இடது வலது என்று எழுதி, எண்ணெய் தடவிக் கோணிப்பையில் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள். எந்த வழியில் போனாலும், ஸ்ட்ரட்டையோ ஆர்மையோ டை ராடையோ தொட்ட அன்றே வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சத்தம் நின்ற வண்டி முன் டயரின் உள்விளிம்பைத் தின்ன ஆரம்பிக்கும்.