'இது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே?': கைடு ரெயில் காப்புரிமை ஆட்சேபத்துக்குப் பதில் எழுதுவது எப்படி

சி.என்.சி. இயந்திரத்தின் எல்.எம். கைடு, லிஃப்டின் டி வடிவ ரெயில், மேசை டிராயரின் சானல், அலுமினிய ஜன்னலின் டிராக் எல்லாம் செய்வது ஒரே வேலைதான். ஒரு பொருளை நேர்கோட்டில், ஆடாமல் சிக்காமல் ஓடவைக்க வேண்டும். உலகம் வெகுகாலமாகச் செய்துவரும் வேலை இது. உள்ளேயே சுற்றிவரும் குண்டுகளின் மேல் ஓடும் எல்.எம். கைடை ஜப்பானின் டி.எச்.கே. நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆண்டு 1972. அதன்பிறகு குண்டு, ரோலர், சீல், கிரீஸ் வழி, மூடுதகடு என்று மாற்றக்கூடிய ஒவ்வொன்றையும் யாராவது மாற்றிப் பார்த்து விண்ணப்பமும் போட்டிருக்கிறார்கள். அதனால் இந்தத் துறையில் ஏதாவது ஒரு சிறு வேறுபாட்டைக் காட்டி 'இது புதியதல்ல' என்ற ஆட்சேபத்தைத் தாண்டிவிடலாம். 'புதியதுதான், ஆனால் துறை தெரிந்த யாருக்கும் தோன்றியிருக்கும்' என்ற ஆட்சேபத்தைத் தாண்டுவதுதான் பாடு.

சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்து, முதல் ஆய்வறிக்கையான எஃப்.இ.ஆரைக் கையில் வைத்திருக்கும் பட்டறைக்காரர்கள், டிசைன் இன்ஜினியர்கள், மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஏஜென்ட் வைத்திருந்தாலும் படியுங்கள். கருவியின் உள்விவரம் அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

தேதியைக் குறித்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்

அறிக்கை வெளியான தேதியிலிருந்து பதிலுக்கு ஆறு மாதம் உண்டு. போதாவிட்டால் படிவம் 4 மூலம், கட்டணம் கட்டி, மூன்று மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். கெடு முடியும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். பதிலே தராமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். வெளிநாட்டிலும் விண்ணப்பித்திருந்தால் இன்னொரு கெடுவும் இருக்கிறது. 2024இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, அந்த விவரங்களைத் தரும் படிவம் 3ஐ எஃப்.இ.ஆர். வந்த மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். ஆறு மாதம் இருக்கிறதே என்று இருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்து, ஆட்சேபங்களைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பிரிவு 2(1)(ஜே)யின் கீழ் புதுமை கேள்விக்கு உள்ளாகும். 2(1)(ஜேஏ) என்றால் கண்டுபிடிப்புப் படி இல்லை, அதாவது துறை தெரிந்தவருக்குத் தோன்றக்கூடிய அளவுக்கு வெளிப்படை என்ற ஆட்சேபம். 3(எஃப்) என்பது தெரிந்த உறுப்புகளை வெறுமனே அடுக்கிவைத்தல். 10(4), 10(5) என்றால் விளக்கமோ கிளெய்மோ தெளிவாக இல்லை என்று பொருள். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பில் பதில் வேண்டும். ஒன்றுக்கு எழுதிய பதில் மற்றதையும் மூடிவிடும் என்று நம்பி விடுபவர்களுக்கு ஹியரிங்கில் அந்த மற்றதே முதல் கேள்வியாக வரும்.

ஆய்வாளர் படித்தது உங்கள் இயந்திரத்தை அல்ல, கிளெய்மை

பெரும்பாலான பதில்கள் சறுக்கும் இடம் இது. அறிக்கையைப் பார்த்ததும் வரும் கோபம், 'அந்த ஜப்பான்காரனுடையதும் என்னுடையதும் ஒன்றா? வந்து ஓட்டிப் பார்க்கட்டும்' என்பது. ஆய்வாளர் ஓட்டிப் பார்க்க மாட்டார். அவர் முன்னால் இருப்பது முதல் கிளெய்மின் சொற்கள் மட்டும். அந்தச் சொற்களுக்குள் பழைய ஆவணம் அடங்கினால், உங்கள் இயந்திரம் எவ்வளவு சிறப்பாக ஓடினாலும் அவர் சொல்வதே சரி.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நூற்பாலையில் ஓடும் ஒரு கேரேஜ். ரெயிலில் பஞ்சு படிந்து, உருண்டு, பிளாக்குக்குள் புகுந்து சிக்குகிறது. நீங்கள் கேரேஜின் இரு முனையிலும் ஒவ்வொரு பிளேடு வைத்தீர்கள். பிளேடு ஒரு பின்னில் ஆடும். கேரேஜ் முன்னே போகும்போது முன்பிளேடு ரெயிலில் படிந்து பஞ்சை வழிக்கிறது. திசை திரும்பியதும் ரெயிலின் உராய்வே அந்தப் பிளேடைச் சாய்க்கிறது. விளிம்பு ரெயிலை விட்டு விலகி, சேர்த்த பஞ்சைப் பக்கத்துக் குழியில் தள்ளுகிறது. மோட்டார் வேண்டாம், காற்றழுத்தம் வேண்டாம்.

விண்ணப்பத்தில் எழுதிய முதல் கிளெய்மோ இப்படி: 'ஒரு ரெயில், அதன்மேல் ஓடும் கேரேஜ், கேரேஜின் முனையில் அசையக்கூடிய துடைப்பான் ஆகியவற்றைக் கொண்ட கைடு சாதனம்.'

ஆய்வாளர் இரண்டு ஆவணங்களைக் காட்டுகிறார். டி1 என்பது எல்.எம். பிளாக்கின் முனையில் ரெயிலோடு எப்போதும் ஒட்டியிருக்கும் ரப்பர் சீல். டி2 ஒரு ஜன்னல் டிராக். சக்கரத்துக்கு முன்னால் பின்னில் ஆடும் பிரஷ், அதை ஸ்பிரிங் எந்நேரமும் கீழே அழுத்துகிறது. 'டி1இன் சீலுக்குப் பதில் டி2இன் பிரஷை வைக்கத் துறை தெரிந்தவருக்குத் தோன்றும்' என்கிறார். கிளெய்மைத் திரும்பப் படியுங்கள். உராய்வு பற்றி ஒரு சொல் இல்லை, திசை மாற்றம் இல்லை, குழியும் இல்லை. அவர் சொன்னது சரிதான்.

எனவே ஒரு அட்டவணை போடுங்கள். இடது பக்கம் உங்கள் கருவியின் உறுப்புகள், ஒவ்வொன்றும் தனி வரியில். உறுப்பின் பெயர் மட்டும் போதாது. எதைத் தொடுகிறது, எந்த விசையால் நகர்கிறது, எப்போது நகர்கிறது என்பதையும் எழுதுங்கள். அடுத்த நெடுவரிசைகளில் டி1, டி2. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆவணத்தின் பத்தி எண், பட எண். ஆய்வாளரின் சுருக்கத்தை நம்பாமல் மூல ஆவணத்தை எடுத்துப் படியுங்கள். ஜப்பானிய ஆவணமாக இருந்தால் இயந்திர மொழிபெயர்ப்போடு படத்தையும் ஒப்பிட வேண்டும். இயந்திர ஆவணங்களில் சொல்லைவிடப் படத்தில்தான் விஷயம் இருக்கும். அட்டவணையில் கடைசி இரண்டு நெடுவரிசைகளும் காலியாக இருக்கும் வரிகளை வைத்துத்தான் உங்கள் பதிலை எழுத முடியும். அப்படி ஒரு வரிகூட இல்லையென்றால், பதிலுக்கு மேலும் செலவு செய்யும் முன் நன்றாக யோசியுங்கள்.

துறை தெரிந்தவர் என்றால் யார்?

இந்தியச் சட்டத்தில் இதற்கு அடிப்படையான தீர்ப்பு ஒரு லேத் வழக்கிலிருந்து வந்தது. பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், உச்ச நீதிமன்றம், 1978. கடைசல் பிடிக்கும்போது பாத்திரம் கழன்று விழாமல் பிடித்துவைக்கும் சாதனத்துக்குக் காப்புரிமை இருந்தது. டெயில்ஸ்டாக் பக்கத்திலிருந்து அழுத்திப் பிடிப்பது ஏற்கெனவே தெரிந்த முறை, செய்யப்பட்டது பட்டறை அளவிலான மேம்பாடு மட்டுமே என்று நீதிமன்றம் காப்புரிமையை ரத்து செய்தது. இயந்திரத் துறையில் விண்ணப்பிக்கும் எவரும் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

அதில் உங்களுக்கு எதிரான பாதியும் இருக்கிறது, சாதகமான பாதியும் இருக்கிறது. நல்ல கைத்தேர்ச்சியுள்ள தொழிலாளியிடம், உங்கள் கண்டுபிடிப்பைக் காட்டாமல், பிரச்சினையைச் சொல்லிப் பழைய ஆவணத்தைக் கொடுத்தால், 'எனக்கு வேண்டியது இதிலேயே இருக்கிறது' என்று சொல்வாரா என்பதே சோதனை. சொல்வாரென்றால் வெளிப்படை. ஆனால் தெரிந்த உறுப்புகளாகவே இருந்தாலும், அவை ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் விதத்தால் புதிய அல்லது மேம்பட்ட விளைவு பிறந்தால் காப்புரிமை கிடைக்கும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. கைடு ரெயில்காரர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது பாதியை. ரெயிலும் புதிதல்ல, பிளேடும் புதிதல்ல. கேரேஜ் திரும்புவதும், உராய்வு சாய்ப்பதும், குழி வாங்கிக்கொள்வதும் ஒன்றை நம்பி ஒன்று நடக்கின்றன என்பதுதான் உங்கள் வழக்கு. பிரிவு 3(எஃப்) தடுப்பது தனித்தனியாக, தெரிந்த வழியில் இயங்கும் உறுப்புகளின் அடுக்கை. ஆகவே அதற்கும் இதே வாதம் பொருந்தும். தனித் தலைப்பில் எழுத மறக்காதீர்கள்.

டெல்லி உயர் நீதிமன்றத்தின் ரோச் எதிர் சிப்லா தீர்ப்பு (2015) இந்தச் சோதனையை ஐந்து படிகளாகப் பிரித்தது. துறை தெரிந்தவர் யார், கண்டுபிடிப்பின் கரு என்ன, அன்றைய பொது அறிவு என்ன, வேறுபாடு என்ன, கண்டுபிடிப்பைத் தெரிந்துகொண்டபின் திரும்பிப் பார்க்கும் பார்வையை ஒதுக்கிவிட்டால் அந்த வேறுபாடு வெளிப்படையா என்பவை அவை. மருந்து வழக்குதான். ஆனாலும் பதிலை இந்த வரிசையில் அமைத்தால், விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கும் கன்ட்ரோலர் படிக்க எளிது.

வாதத்தை எழுதும்போது

'மிகவும் திறன் வாய்ந்தது', 'உறுதியானது', 'செலவு குறைவு' போன்ற அடைமொழிகளை முதலில் அடித்துவிடுங்கள். அவற்றால் ஒரு ஆட்சேபமும் விலகாது. எழுத வேண்டியவை மூன்று. அவற்றை எழுதும் வரிசையும் முக்கியம்.

முதலாவது, இரண்டையும் சேர்த்தாலும் உங்களுடையது வராது. டி1இல் டி2இன் பிரஷைப் பொருத்தினால் கிடைப்பது ஸ்பிரிங்கால் எப்போதும் அழுத்தப்படும் பிரஷ். திசை திரும்பினாலும் அது ரெயிலை விடாது, பஞ்சையும் கொட்டாது. மூன்றில் வலுவான வாதம் இதுவே. இது நின்றால் மற்றவை துணைக்கு மட்டும்.

இரண்டாவது, சேர்க்கக் காரணமே இல்லை. டி1இன் சீல் தூசியை மறிப்பதோடு உள்ளே இருக்கும் கிரீஸையும் பிடித்துவைக்கிறது. சீல் ரெயிலை விட்டு விலகக் கூடாது என்று டி1 சொல்லியிருந்தால், அந்தப் பத்தி எண்ணைக் குறிப்பிடுங்கள். அதைப் படித்த தொழிலாளி விலகும் பிளேடை நோக்கிப் போக மாட்டார். 'டி2 வேறு துறை' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். ஜன்னல் டிராக்கும் ரெயில்தானே, தூசியும் அதே பிரச்சினைதானே என்று திருப்பிக் கேட்பார்கள்.

மூன்றாவது, விளைவு. ஒரே ஓட்ட வேகம், ஒரே நீளம், ஒரே பஞ்சு அளவில் பழைய சீலையும் உங்கள் பிளேடையும் ஓட்டிப் பார்த்த அளவீடு இருந்தால் இணையுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி எடுத்த சோதனையாக இருக்க வேண்டும். எண்ணெயையும் ரெயிலையும் சேர்த்து மாற்றியிருந்தால் அந்த எண்ணால் பயனில்லை. பொருளாதார முக்கியத்துவம் என்ற சொல் சட்டத்தில் இருப்பதைப் பார்த்து, விற்பனைக் கணக்கை மட்டும் அனுப்புபவர்கள் உண்டு. தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருந்து, அதனோடு வெளிப்படையாக இல்லாமலும் இருக்க வேண்டும் என்றே 2(1)(ஜேஏ) சொல்கிறது. விற்பனையைக் காட்டினால் முதல் பாதிதான் நிறைவேறும்.

கிளெய்மைத் திருத்தும்போது எல்லை

வாதத்தில் எழுதிய வேறுபாடு கிளெய்மில் இல்லையென்றால் வாதம் காற்றில் போகும். நம் எடுத்துக்காட்டில், 'திசை மாறும்போது ரெயிலின் உராய்வால் பிளேடு சாய்ந்து, அதன் விளிம்பு ரெயிலை விட்டு விலகுமாறு பின் அமைந்துள்ளது' என்பதும், பஞ்சை வாங்கும் குழியும் முதல் கிளெய்முக்குள் வர வேண்டும். ஆனால் 59ஆம் பிரிவு கையைக் கட்டுகிறது. முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் இல்லாத எதையும் சேர்க்க முடியாது. திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்குள் முழுவதும் அடங்க வேண்டும். குறுக்கலாம், விரிக்கக் கூடாது. உராய்வால் சாய்கிறது என்ற ஒரு வரியை அன்று எழுதாமல், படத்தில் பின்னை மட்டும் வரைந்திருந்தால், இன்று அதை எந்த ஏஜென்டாலும் காப்பாற்றுவது கடினம். இனி விண்ணப்பிக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு உறுப்பும் ஏன் நகர்கிறது, எதனால் நிற்கிறது, மாற்று வடிவம் என்ன என்பதைச் சலிக்காமல் எழுதிவையுங்கள். பதிலோடு மாற்றம் குறித்த பிரதி ஒன்றும் சுத்தப் பிரதி ஒன்றும் தர வேண்டும்.

தேவைக்கு மேல் குறுக்கவும் வேண்டாம். பிளேடின் தடிமன், சாய்வுக் கோணம் என்று எண்களைப் போட்டுக் காப்புரிமை வாங்கிவிடலாம். போட்டியாளர் கோணத்தைச் சற்று மாற்றித் தன் பட்டறையில் செய்துகொள்வார். எண்களைச் சார்புக் கிளெய்ம்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹியரிங்

பதிலுக்குப் பிறகும் ஆட்சேபம் மிஞ்சினால் 14ஆம் பிரிவின்படி ஹியரிங் உண்டு. வழக்கமாகக் காணொலியில் நடக்கும். தேதி ஒத்துவரவில்லையென்றால் குறைந்தது மூன்று நாள் முன்பே ஒத்திவைப்புக் கேட்க வேண்டும். இருமுறைக்கு மேல் கிடைக்காது, ஒவ்வொன்றும் 30 நாளைத் தாண்டாது. ஏஜென்ட் பேசினாலும் நீங்களும் உட்காருங்கள். டி1இன் படத்தையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேரேஜ் போகும் நிலை ஒன்று, திரும்பும் நிலை ஒன்று என்று காட்டினால் போதும். அன்று பேசியதை 15 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். பேசியதோடு விட்டால் பதிவில் எதுவும் நிற்காது.

மறுத்தால்

உத்தரவு கையில் வந்ததும் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆவணம் சொல்வது என்ன, விண்ணப்பம் சொல்வது என்ன, ஒன்றிலிருந்து மற்றது எப்படித் தோன்றும் என்ற மூன்றையும் கன்ட்ரோலர் பரிசீலிக்க வேண்டும் என்று அக்ரிபோர்டு வழக்கில் (2022) டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 'டி1, டி2ஐப் பார்க்கும்போது வெளிப்படை' என்ற ஒற்றை வரி உத்தரவு மேல்முறையீட்டில் நிற்பது சிரமம். மறுஆய்வு கேட்க ஒரு மாதம், 117ஏ பிரிவின் கீழ் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். 2021இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் (ஐபிஏபி) கலைக்கப்பட்டபின், சென்னை அலுவலக உத்தரவுகளுக்கான மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. அறிவுசார் சொத்துரிமைக்கென 2023 முதல் அங்கே தனிப் பிரிவு இயங்குகிறது.

அமெரிக்காவிலும் விண்ணப்பித்திருந்தால்

அங்கே இதே ஆட்சேபம் 103ஆம் பிரிவில் வரும். அடிப்படைத் தீர்ப்பு கிரஹாம் எதிர் ஜான் டீர் (1966), ஏர்க்கலப்பைப் பிடிமானம் பற்றியது. 2007இன் கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃபிளெக்ஸ் தீர்ப்பு காரின் பெடல் பற்றியது. தெரிந்த உறுப்புகள் தத்தம் வழக்கமான வேலையையே செய்து எதிர்பார்த்த விளைவையே தந்தால், அந்தச் சேர்க்கை பெரும்பாலும் வெளிப்படைதான் என்கிறது. இங்கே எழுதிய வாதத்தை அங்கே அப்படியே அனுப்பாதீர்கள். அங்கே அழுத்தம் தர வேண்டியது பிளேடு வழக்கமான வேலையைச் செய்யவில்லை என்பதற்கு. இரு நாட்டுப் பதில்களும் ஒன்றையொன்று மறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் 'பிரஷும் பிளேடும் ஒன்றல்ல' என்று எழுதிவிட்டு அமெரிக்காவில் பிரஷையும் சேர்த்துக் கிளெய்ம் கேட்டால், இரண்டு கோப்புகளும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன, எதிராளி முதலில் எடுப்பது அதைத்தான்.